4 யூரோ ரீஸ்லிங்: மலிவு ஒயின்தான் இனிக்குமா?

கேள்வி இது: "அக்கா ஸ்டுட்கார்ட்டிலிருந்து வந்தபோது ஒரு ரீஸ்லிங் பாட்டில் கொண்டுவந்தாள். அங்கே ஒரு தள்ளுபடி சூப்பர்மார்க்கெட்டில் 4 யூரோவுக்குள் வாங்கியதாம். லேபிளில் 'லீப்லிஷ்' என்றும் 9.5% என்றும் இருக்கிறது. லேசாகத் தித்திக்கும் என்றாள். நண்பர்களோ, 'மலிவு ஒயின்தான் இனிக்கும், சர்க்கரையைக் கொட்டியிருப்பான், ஜூஸ் மாதிரி இருக்கும்' என்கிறார்கள். இதை எப்படிச் சுவைத்துப் பார்ப்பது? எதோடு சாப்பிடலாம்? எடுத்து வைத்தால் நன்றாகுமா? வீடு அண்ணா நகரில். ஒயின் கிளாஸ்கூடக் கிடையாது."

முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பாட்டிலை இன்றே ஃபிரிட்ஜில் வையுங்கள். இந்த வாரமே திறந்துவிடுங்கள். காரமான, எண்ணெயில் பொரித்த ஏதாவது ஒன்றோடு குடியுங்கள். எடுத்து வைக்க வேண்டாம், இது வைத்தால் ஏறுகிற சரக்கு இல்லை. உங்கள் நண்பர்கள் சொன்னதில் பாதி சரி, பாதி தவறு. தவறான பாதியிலிருந்து தொடங்குகிறேன்.

இனிப்பு என்பது மலிவின் அடையாளம் இல்லை. ரீஸ்லிங் என்ற இந்த வெள்ளைத் திராட்சை ரைன் நதிக்கரையின் பயிர். 1435-லேயே அதன் பெயர் ஜெர்மனியின் ரூசல்ஸ்ஹைமில் ஒரு பிரபுவின் கணக்கில் இருக்கிறது. இந்தத் திராட்சையில் செய்யும் ஒயின்களில் விலை உச்சத்தில் நிற்பவை எல்லாம் இனிப்பு ஒயின்கள்தான். கொடியிலேயே வற்றிச் சுருங்கிய திராட்சையை ஒவ்வொன்றாகப் பொறுக்கிச் செய்யும் ட்ரோக்கன்பேரன்அவுஸ்லேஸ என்ற வகை, ஈகோன் முல்லர் போன்ற பண்ணைகளுடையது என்றால், ஒரு பாட்டில் பல ஆயிரம் யூரோவுக்கு ஏலம் போகிறது. 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் நல்ல ரைன், மோசல் நதிக்கரை ஒயின்கள் பிரான்ஸின் போர்தோ வட்டாரத்துப் பெரிய பெயர்களுக்குச் சமமான விலையில் விற்றன. பெயர் கெட்டது பிற்பாடுதான். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு லீப்ஃப்ராவ்மில்ஷ் என்ற பெயரில் சப்பென்று இனிக்கும் மலிவு ஒயின்களை ஜெர்மனி உலகமெங்கும் கப்பல் கப்பலாக ஏற்றுமதி செய்தது. அதைக் குடித்தவர்கள் "ஜெர்மன் ஒயின் என்றாலே இப்படித்தான்" என்று முடிவு கட்டிவிட்டார்கள். உங்கள் நண்பர்கள் வாயில் வருவது அந்தப் பழைய கெட்ட பெயர்தான்.

சர்க்கரையைக் கொட்டியிருப்பார்கள் என்பதும் சரியில்லை. திராட்சைச் சாற்றில் இருக்கும் சர்க்கரையை ஈஸ்ட் தின்று ஆல்கஹாலாக்குகிறது. முழுவதும் தின்னவிட்டால் இனிப்பில்லாத ஒயின் கிடைக்கும். பாதியில் தொட்டியைக் குளிர்வித்து, கந்தக டை ஆக்ஸைடு சேர்த்து, ஈஸ்ட்டை வடிகட்டி எடுத்துவிட்டால் நொதித்தல் நின்றுவிடும், மிச்சச் சர்க்கரை அப்படியே தங்கும். இது ஒரு வழி. இன்னொரு வழி, ஒயினை முழுக்க நொதிக்கவிட்டு, கடைசியில் நொதிக்காத திராட்சைச் சாற்றைக் கொஞ்சம் சேர்ப்பது. மலிவு ஒயின்களில் இது சகஜம். எந்த வழியானாலும் இனிப்பு திராட்சையிலிருந்து வந்தாக வேண்டும், கரும்புச் சர்க்கரையோ பீட்ரூட் சர்க்கரையோ போட்டு இனிப்பாக்குவது சட்டப்படி கூடாது. சாதாரணத் தரத்தில் நொதிப்பதற்கு முன்னால் சர்க்கரை சேர்க்க அனுமதி உண்டு என்பது உண்மை. ஆனால் அது ஆல்கஹாலாக மாறிவிடும், நாக்குக்கு வராது.

உங்கள் பாட்டிலின் 9.5% என்ற எண்ணே இந்தக் கதையைச் சொல்கிறது. லிட்டருக்குச் சுமார் 17 கிராம் சர்க்கரை நொதித்தால் 1% ஆல்கஹால் என்பது தொழிலில் உள்ளவர்கள் போடும் கணக்கு. உங்கள் ஒயினில் லிட்டருக்கு 30 கிராம் மிச்சம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதையும் நொதிக்கவிட்டிருந்தால் 11 சொச்சம் சதவீதம் வந்திருக்கும். ஆகவே ஜெர்மன் ரீஸ்லிங்கில் 8, 9 என்று எண்ணைப் பார்த்தாலே இனிப்பு இருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம். 12, 12.5 என்றால் அநேகமாக இனிக்காது.

லேபிளில் உள்ள சொற்களையும் பார்த்துவிடலாம். 'ட்ரோக்கன்' என்றால் லிட்டருக்கு அதிகபட்சம் 9 கிராம் சர்க்கரை. 'ஹால்ப்ட்ரோக்கன்' 18 வரை போகலாம். அதற்கு மேல் 45 வரை 'லீப்லிஷ்', உங்களுடையது. 'ஃபைன்ஹெர்ப்' என்று போட்டிருந்தால் அதற்குச் சட்டத்தில் அளவு ஏதும் இல்லை, லேசான இனிப்பு என்று எடுத்துக்கொள்ளுங்கள். லீப்லிஷ் என்பது 19 கிராமாகவும் இருக்கலாம், 44 ஆகவும் இருக்கலாம், அதுதான் அந்தச் சொல்லில் உள்ள சங்கடம். சரியான எண் வேண்டுமென்றால் பின்பக்கம் கியூஆர் குறியீடு இருக்கிறதா என்று பாருங்கள். 2023 டிசம்பர் 8-க்குப் பிறகு உற்பத்தியான ஒயினுக்கு ஐரோப்பிய ஒன்றியம் சத்து விவரத்தைக் கட்டாயமாக்கிவிட்டது, பெரும்பாலானவர்கள் அதைக் கியூஆரில்தான் வைக்கிறார்கள். அதில் 100 மில்லிக்கு 3 கிராம் சர்க்கரை என்றிருந்தால் லிட்டருக்கு 30. கோலா பானங்களில் லிட்டருக்கு 100 கிராமுக்கு மேல் இருக்கும். வீட்டில் சர்க்கரை நோயாளி யாராவது "வெள்ளை ஒயின்தானே, ஒன்றும் செய்யாது" என்று கிளாஸை நீட்டினால் இந்த எண்ணைக் காட்டுங்கள்.

சரி, 30 கிராம் சர்க்கரை இருந்தும் ஏன் இது ஜூஸ் ஆகிவிடுவதில்லை? புளிப்புதான் காரணம். ரீஸ்லிங் தாமதமாகப் பழுக்கும் திராட்சை, குளிர்ந்த ஊரில் விளைவது. அதனால் பழுத்த பிறகும் அதில் அமிலம் இறங்காமல் நிற்கும். லிட்டருக்கு 7, 8 கிராம் அமிலம் இதற்குச் சாதாரணம். அந்த அமிலத்தில் முக்கியமானது டார்டாரிக். நம் புளியில் இருப்பதும் அதேதான். புளிக்குப் பழகிய நாக்கு உங்களுடையது, ஆகவே ஒயினில் அதை அடையாளம் காண யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. சர்க்கரை போடாத எலுமிச்சை ஜூஸ் பல்லைக் கூச வைக்கும், சர்க்கரை போட்டதும் இரண்டும் சேர்ந்து மூன்றாவதாக ஒரு சுவை வருகிறதல்லவா, இங்கேயும் வேலை செய்வது அந்தக் கூட்டணிதான். சர்வதேச ரீஸ்லிங் அறக்கட்டளை ஓர் அளவுகோல் வைத்திருக்கிறது. சர்க்கரையை அமிலத்தால் வகுக்க வேண்டும். 1-க்குக் கீழே வந்தால் இனிப்பில்லாதது, 2 வரை ஓரளவு இனிப்பற்றது, 4 வரை மிதமான இனிப்பு, அதற்கு மேல் இனிப்பு. 30 கிராம் சர்க்கரை, 7.5 கிராம் அமிலம் என்றால் சரியாக 4, எல்லைக் கோட்டிலேயே நிற்கிறது. அமிலம் 5.5 ஆக இருந்தால் அதே 30 கிராம் திகட்டும்.

இந்த இடத்தில்தான் உங்கள் நண்பர்கள் சரியாகச் சொன்ன பாதி வருகிறது. நல்ல தயாரிப்பாளர் புளிப்பைச் சமன் செய்ய இனிப்பை விட்டுவைக்கிறார். மலிவுத் தயாரிப்பாளர் பல சமயம் ஒயினின் வெறுமையை மறைக்கவே இனிப்பை விட்டுவைக்கிறார். கொடிக்கு அதிக விளைச்சல் எடுத்தால் சாறு நீர்த்துப்போகும். நீர்த்த ஒயினை இனிப்பில்லாமல் விற்றால் குட்டு வெளிப்பட்டுவிடும். கொஞ்சம் சர்க்கரை இருந்தால் வாய் நிறைந்த மாதிரி ஒரு தோற்றம் கிடைக்கும். நீங்கள் சுவைக்கும்போது கண்டுபிடிக்க வேண்டியது இதுதான்: இனிப்புக்குப் பின்னால் ஏதாவது இருக்கிறதா, இனிப்பு மட்டும்தானா?

4 யூரோவுக்கு எப்படிக் கட்டுப்படியாகிறது என்று தோன்றும். ஜெர்மனியில் குமிழியில்லாத ஒயினுக்குக் கலால் வரி கிடையாது. 19% விற்பனை வரி மட்டும்தான். 3.99 யூரோவில் 64 சென்ட் அதற்குப் போகும். (குமிழி ஒயினுக்கு மட்டும் பாட்டிலுக்கு 1.02 யூரோ வரி உண்டு. 1902-இல் ஜெர்மன் பேரரசர் கைசரின் கடற்படைக்குக் காசு சேர்க்கப் போட்ட வரி அது. கைசரும் போனார், அந்தக் கடற்படையும் போனது, வரி மட்டும் போகவில்லை.) மீதியில் கண்ணாடி, மூடி, அட்டைப்பெட்டி, லாரி, கடைக்காரர் லாபம் எல்லாம் கழித்தால் உள்ளே இருப்பதற்கு எவ்வளவு மிஞ்சும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

அந்தக் காசில் மோசலின் செங்குத்துச் சரிவில் விளைந்த திராட்சையை எதிர்பார்க்க முடியாது. ப்ரெம் என்ற ஊரில் உள்ள கால்மோன்ட் சரிவு சில இடங்களில் 65 பாகை வரை நிமிர்ந்து நிற்கிறது. அங்கே இயந்திரத்துக்கு வேலையில்லை, ஆள்தான் ஏற வேண்டும். மலிவு ரீஸ்லிங் பெரும்பாலும் ரைன்ஹெஸ்ஸன், ஃபால்ஸ் போன்ற வட்டாரங்களின் சமநிலத்தில், இயந்திரத்தால் அறுவடையாகி, பல விவசாயிகளின் சாறு கலந்து, பெரிய ஆலையில் பாட்டிலாகிறது. லேபிளில் 'குட்ஸ்ஆப்ஃப்யுலுங்' என்று இருந்தால் பண்ணையே தன் திராட்சையைப் பாட்டிலில் அடைத்தது என்று பொருள். உங்களுடையதில் அது இருக்க வாய்ப்பு குறைவு. இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. துருப்பிடிக்காத எஃகுத் தொட்டியில் சுத்தமாகச் செய்த, குறையில்லாத ஒயினாகத்தான் இருக்கும். ஒரு காலத்தில் மலிவு ஒயின் என்றால் நாற்றம் அடிக்குமோ என்ற பயம் இருந்தது. இப்போது அந்தப் பயம் வேண்டாம், அலுப்புத் தட்டுமோ என்றுதான் பயப்பட வேண்டும். 'குவாலிட்டேட்ஸ்வைன்' (தர ஒயின்) என்று போட்டிருந்தால் ஏ.பி. என்று தொடங்கும் நீண்ட எண் ஒன்றும் இருக்கும். அரசுப் பரிசோதனையில் தேறியதற்கான எண் அது. கடைசி இரண்டு இலக்கம் பரிசோதித்த ஆண்டு. அது நான்கைந்து வருடம் பழையதாக இருந்தால் இன்றைக்கே திறந்துவிடுங்கள்.

இனி சுவைப்பதற்கு வருவோம். 8 முதல் 10 டிகிரி குளிர்ச்சி வேண்டும். ஃபிரிட்ஜில் 3 மணி நேரம் வைத்து, எடுத்து 10 நிமிடம் வெளியே விட்டால் சென்னையில் சரியாக வந்துவிடும். அவசரம் என்றால் ஒரு வாளியில் பாதி ஐஸ், பாதி தண்ணீர், ஒரு கைப்பிடி கல் உப்பு. 15 நிமிடம் போதும். வெறும் ஐஸ் மட்டும் போட்டால் பாட்டிலைச் சுற்றிக் காற்றுதான் இருக்கும், சீக்கிரம் குளிராது. ஃப்ரீசரில் வைத்துவிட்டு சீரியல் பார்க்க உட்கார்ந்துவிடாதீர்கள், பாட்டில் விரிசல் விடும். கிளாஸில் ஐஸ் போடவும் வேண்டாம், ஏற்கெனவே நீர்த்த ஒயினை இன்னும் நீர்க்க வைக்காதீர்கள்.

ஒயின் கிளாஸ் இல்லாதது பெரிய குறையில்லை. மெல்லிய கண்ணாடி டம்ளர், வாய் அகலமாக விரியாமல் இருந்தால் நல்லது. எவர்சில்வர் டம்ளர் மட்டும் வேண்டாம், நிறமும் தெரியாது, வாசனையும் நிற்காது. கால்வாசிக்கு மேல் ஊற்றாதீர்கள். அதிகம் ஊற்றினால் நம் வெயிலில் கடைசி வாய் வெதுவெதுப்பாகிவிடும். அதைவிட முக்கியம், வீட்டின் வாசனை. சாமி அறையில் ஊதுவத்தி, அடுப்பில் தாளிப்பு, தலையில் மல்லிகை, இதில் ஒன்று இருந்தாலும் ஒயினின் வாசனை தோற்றுவிடும். பால்கனியில் நின்று முகர்ந்து பாருங்கள். காபி குடித்த வாயோடும் தொடங்க வேண்டாம்.

ஊற்றியதும் பாருங்கள். வெளிர் மஞ்சள், ஓரத்தில் லேசான பச்சை ஓட்டம் இருந்தால் இளசு. கிளாஸின் உட்சுவரில் சின்னச் சின்னக் குமிழிகள் ஒட்டியிருக்கலாம். புத்துணர்வுக்காக உள்ளேயே விட்டுவைத்த கரியமில வாயு அது, ஒயின் கெட்டுப்போனதாக எண்ண வேண்டாம். பழுப்பாக, தேன் நிறத்துக்குத் திரும்பியிருந்தால் வழியில் எங்கேயோ வெயில் தின்றிருக்கிறது. மே மாதம் காரின் டிக்கியில் ஒரு மத்தியானம் போதும், ஒயின் வெந்துவிடும்.

இப்போது கிளாஸை ஆட்டாமல் ஒரு தடவை முகருங்கள். தீக்குச்சி உரசிய மாதிரி ஒரு சுருக் இருந்தால் அது கந்தகம், கிளாஸை நாலு சுற்று சுற்றினால் பறந்துவிடும். அப்புறம் வருவதுதான் ஒயினின் வாசனை. இந்த விலையில் பச்சை ஆப்பிள், சாத்துக்குடித் தோல், பேரிக்காய் இவ்வளவும் கிடைக்கும். சிலவற்றில் பழ மிட்டாய் வாசனை தூக்கலாக இருக்கும். குறைந்த வெப்பநிலையில் நொதிக்கவைக்கும்போது ஈஸ்ட் தருவது அது, திராட்சையின் குணம் இல்லை, ஒரு மணி நேரத்தில் மங்கிவிடும். கம்பம் பன்னீர் திராட்சை தின்று வளர்ந்தவர்களுக்கு ஒரு ஏமாற்றம் காத்திருக்கிறது. அந்தப் பன்னீர் வாசனையைத் தருவது லினலூல், ஜெரானியோல் போன்ற சேர்மங்கள். ரீஸ்லிங்கிலும் அவை உண்டு, ஆனால் அளவு குறைவு. பூ வாசனை எட்டிப்பார்க்கும், ஆளை அடிக்காது.

திடீரென்று மண்ணெண்ணெய் வாசனை வந்தால் பயந்து கொட்டிவிடாதீர்கள். ரேஷன் கடை கேன் நினைவுக்கு வரும் அளவுக்குக்கூட வரலாம். அது ரீஸ்லிங்கின் பிறவிக் குணம். டி.டி.என். என்று சுருக்கமாகச் சொல்லும் ஒரு சேர்மம், திராட்சைத் தோலின் கரோட்டினாய்டுகளிலிருந்து உண்டாவது. வெயில் அதிகம் பட்ட திராட்சையிலும் வயதான ஒயினிலும் கூடுதலாக இருக்கும். இதற்காகவே தேடிப்போய் வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள், முகத்தைச் சுளிக்கிறவர்களும் இருக்கிறார்கள். லேசாக இருந்தால் எனக்குப் பிடிக்கும். இளசான மலிவு ஒயினில் அது தூக்கலாக அடித்தால், திராட்சை வெந்து பழுத்தது என்றோ, பாட்டில் சூட்டில் கிடந்தது என்றோதான் நினைப்பேன்.

ஒரு வாய் எடுத்து உடனே விழுங்காதீர்கள். வாய் முழுவதும் பரவவிட்டு, உதட்டைக் குவித்துக் கொஞ்சம் காற்றை உள்ளே இழுங்கள். சத்தம் வரும், வரட்டும். நாக்கின் நுனியில் இனிப்பு, ஓரத்தில் புளிப்பு என்று பள்ளிப் புத்தகத்தில் பார்த்த படம் தவறு, எல்லாச் சுவையும் எல்லா இடத்திலும் தெரியும். கவனிக்க வேண்டியது வரிசையை. முதலில் இனிப்பு வரும். அடுத்து பழம். விழுங்கும்போது புளிப்பு எழுந்து, கன்னத்தின் இரண்டு பக்கமும் எச்சில் ஊற வேண்டும். ஊறினால் ஒயினில் உயிர் இருக்கிறது, அடுத்த வாய்க்குக் கை தானாகப் போகும். ஊறாமல் உதட்டில் பிசுக்கு மட்டும் மிஞ்சினால் நண்பர்கள் ஜெயித்தார்கள்.

விழுங்கிய பிறகு சுவை எவ்வளவு நேரம் நிற்கிறது என்று மனத்துக்குள் எண்ணுங்கள். காசு வித்தியாசம் பளிச்சென்று தெரிவது இங்கேதான். நல்ல மோசல் கபினெட் (தரமான ஜெர்மன் ஒயின்களில் லேசான வகை) ஒன்று, விழுங்கிய பின்னும் எலுமிச்சை, பீச், ஈரக் கல் என்று மாறி மாறி நின்றுகொண்டே இருக்கும். 4 யூரோ ஒயின் மூன்று நான்கு எண்ணுவதற்குள் கையை விரித்துவிடும். நடுவிலும் ஓர் ஓட்டை தெரியும், இனிப்புக்கும் புளிப்புக்கும் இடையே பழம் நிற்க வேண்டிய இடம் காலியாக இருக்கும். காசுக்கேத்த தோசை என்று விட்டுவிடலாம். நான் இதைக் குறையாக எடுத்துக்கொள்வதில்லை. உணவோடு குடிக்கும்போது அந்த ஓட்டையைச் சாப்பாடு நிரப்பிவிடும்.

இன்னொரு சோதனை, சென்னைக்காரர்களுக்குச் செலவில்லாமல் கிடைப்பது. கிளாஸில் இரண்டு வாய் மிச்சம் வைத்து, 15 நிமிடம் மேஜையில் விடுங்கள். குளிர்ச்சியில் இனிப்பு அடங்கி, புளிப்பு முன்னால் நிற்கும். சூடேற ஏற இனிப்பு தலைதூக்கும். ஐஸ் போலக் குளிர்ந்திருந்தால் எந்த ஒயினும் நல்ல பிள்ளைதான், சூட்டில்தான் சாயம் வெளுக்கும். அந்தக் கடைசி இரண்டு வாய் இன்னும் குடிக்கிற மாதிரி இருந்தால், உங்கள் அக்கா கெட்டிக்காரி என்று சொல்லிவிடுங்கள்.

எதோடு சாப்பிடலாம் என்ற கேள்விக்கு, ஓர் ஐரோப்பியரைவிடச் சென்னைக்காரருக்குப் பதில் அதிகம். மிளகாயின் காரத்தை உணரும் அதே நரம்பு ஏற்பியை ஆல்கஹாலும் உசுப்பும். அதனால் 14% சிவப்பு ஒயினைச் செட்டிநாட்டுக் கோழியோடு குடித்தால் எரிகிற கொள்ளியில் எண்ணெய் ஊற்றிய கதைதான். போதாக்குறைக்குச் சிவப்பு ஒயினின் துவர்ப்பும் சேர்ந்து கசக்கும். இங்கே நட்சத்திர ஹோட்டல்களில்கூடப் பலர் "நான்வெஜ் என்றால் ரெட்" என்ற பழைய பாட்டைப் பாடிக் காரச் சாப்பாட்டையும் ஒயினையும் சேர்த்துப் பாழாக்குவதைப் பார்க்கலாம். உங்கள் பாட்டிலில் ஆல்கஹால் குறைவு, துவர்ப்பு இல்லை, காரத்தை ஆற்றச் சர்க்கரை இருக்கிறது, எண்ணெயை அறுக்கப் புளிப்பு இருக்கிறது. ஜெர்மானியர்கள் நமக்காகவே செய்த மாதிரி.

என் முதல் தேர்வு நெத்திலி வறுவல். மொறுமொறுவென்று, மிளகாய்த்தூள் தூக்கலாக, கடைசியில் எலுமிச்சை பிழியாமல். எலுமிச்சையின் வேலையை ஒயின் பார்த்துக்கொள்ளும். வஞ்சிரம் வறுவலும் அப்படியே. சிக்கன் 65 கண்ணை மூடிக்கொண்டு. சைவம் என்றால் காலிஃபிளவர் 65, மிளகாய் பஜ்ஜி, மிளகு தூக்கலான மெதுவடை. இட்லிக்கு நல்லெண்ணெய் குழைத்த மிளகாய்ப்பொடி தொட்டுக்கொண்டு இந்த ஒயின் குடித்தால் யாரும் சிரிக்கலாம், பொருத்தம் என்னவோ பிரமாதம், எள்ளின் எண்ணெய்ப்பசைக்கும் காரத்துக்கும் இது கச்சிதம். மாங்காய் போட்ட கடற்கரைச் சுண்டலை வீட்டில் செய்து பாருங்கள், அதுவும் ஒத்துப்போகும்.

ஆனால் ஒரே ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும் என்றால், பாரிமுனைப் பக்கம் போய் ஒரு அத்தோ பார்சல் கட்டிக்கொண்டு வாருங்கள். பர்மாவிலிருந்து திரும்பி வந்த தமிழர்கள் கொண்டுவந்த அந்த நூடுல்ஸில் பொரித்த வெங்காயம், பூண்டு எண்ணெய், மிளகாய்த்தூள், புளித்தண்ணீர், முட்டைக்கோஸ் எல்லாம் இருக்கும். கையால் பிசைந்து, ஆறிய நிலையிலேயே தருவார்கள். ஆறியிருப்பது முக்கியம், ஆவி பறக்கும் சாப்பாட்டோடு குளிர்ந்த ஒயின் சேராது. எண்ணெய், காரம், புளிப்பு, மொறுமொறுப்பு நான்குக்கும் இந்த ஒயினிடம் பதில் இருக்கிறது. கூடவே தரும் வாழைத்தண்டு சூப்பைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள்.

சேராதவையும் உண்டு. ரசத்தோடு வேண்டவே வேண்டாம், புளிப்பும் புளிப்பும் மோதும். வத்தக்குழம்பு அளவுக்குப் புளி ஏறினால் ஒயினின் புளிப்பு நாக்குக்குத் தெரியாமல் போய், சர்க்கரைத் தண்ணீர் மட்டும் மிஞ்சும். இனிப்புப் பலகாரம் அதற்கு நேர் எதிர். மைசூர்பாகை ஒரு கடி கடித்துவிட்டுக் குடித்தால், இவ்வளவு நேரம் தித்தித்த ஒயின் வெறும் புளித்தண்ணீராகிவிடும். ஒயின் பலகாரத்தைவிட இனிப்பாக இருக்க வேண்டும் என்பது விதி, 30 கிராம் சர்க்கரை மைசூர்பாகிடம் நிற்க முடியாது. தயிர் சாதத்தைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

எடுத்து வைப்பது பற்றிக் கேட்டீர்கள். பெரிய ரீஸ்லிங்குகள் 20, 30 வருடம்கூட நிற்கும், அதைக் கேள்விப்பட்டுத்தான் கேட்டிருப்பீர்கள். அவற்றைத் தாங்குவது செறிவும் அமிலமும். இந்தப் பாட்டிலில் செறிவு கிடையாது. அதிலும் 32 டிகிரி வீட்டு அலமாரியில் ஆறு மாதம் என்பது ஒயினுக்குத் தண்டனை. பாட்டிலைத் திறந்த பிறகு மிஞ்சினால் மூடியை இறுக்கி ஃபிரிட்ஜ் கதவில் வையுங்கள், நான்கு நாள் வரை தாராளமாக நிற்கும். அடியில் கண்ணாடித் தூள் போல ஏதாவது மின்னினால் அது டார்டாரிக் அமிலத்தின் உப்பு, குளிரில் படிகமாகியிருக்கிறது. ஒன்றும் செய்யாது, ஆலைக்காரர்கள் பெரும்பாலும் முன்கூட்டியே எடுத்துவிடுவார்கள்.

இது பிடித்துப்போனால் அடுத்து என்ன? சென்னையில் டாஸ்மாக்கின் எலைட் கடைகளில் இறக்குமதி ஒயின்கள் இருக்கும். ஆனால் சுங்க வரியும் மாநில வரியும் ஏறி, அங்கே 4 யூரோவுக்கு விற்பது இங்கே பல மடங்காகிவிடும். அந்த விலைக்கு மலிவு ரீஸ்லிங்கை இங்கே வாங்குவது வீண் செலவு என்பது என் கருத்து. நாசிக்கின் சூலா ரீஸ்லிங் செய்கிறது, கிடைத்தால் அதை முயன்று பாருங்கள். ஜெர்மன் ரீஸ்லிங் மாதிரி கூர்மை இருக்காது, ஆனால் கார உணவுக்குக் கை கொடுக்கும்.

இதைவிட நல்ல வழி அக்காதான். அடுத்த தடவை வரும்போது தள்ளுபடிக் கடையை விட்டுவிட்டு, மோசல் பண்ணை ஒன்றின் கபினெட் வாங்கிவரச் சொல்லுங்கள். லேபிளில் ட்ரோக்கன் என்ற சொல் இருக்கக் கூடாது, ஆல்கஹால் 8% அக்கம்பக்கம் இருக்க வேண்டும், குட்ஸ்ஆப்ஃப்யுலுங் இருந்தால் இன்னும் நல்லது. 10 யூரோ சுற்றுவட்டாரத்தில் நல்லதே கிடைக்கும். கூடவே இதே 4 யூரோ பாட்டிலையும் இன்னொன்று கொண்டுவரச் சொல்லி, இரண்டையும் ஒரே நேரத்தில் திறந்து, பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் குடியுங்கள். நடு நாக்கில் உள்ள ஓட்டை என்று நான் சொன்னது அப்போது விளங்கும். வரியில்லாமல் ஒருவர் 2 லிட்டர்தான் கொண்டுவரலாம், ஆகவே 750 மில்லி பாட்டில் இரண்டு சரி, மூன்றாவது வைத்தால் 2.25 லிட்டராகிவிடும், அதை அத்தான் பெட்டியில் வைக்கச் சொல்லுங்கள்.